பங்குக் கிணறும் ரெஜிஸ்டரும்: புரொசெசருக்குள் சக்தி எங்கே போகிறது?

பத்து ரூபாய்க்கு ஒரு நெருப்புப்பெட்டி வாங்க வேண்டும். அதற்காக ஓட்டோ பிடித்து யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய், ஓட்டோவைக் காத்துநிற்க வைத்து, திரும்பி வந்து ஏழாயிரம் ரூபாய் ஹயர் கொடுத்தால் வீட்டில் என்ன கதை நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் மேசையில் இருக்கும் கணினி இந்த ஊதாரித்தனத்தை ஒவ்வொரு நொடியும் பல கோடித் தடவை செய்துகொண்டிருக்கிறது.

மிகைப்படுத்தவில்லை. 2014இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த சில்லு வடிவமைப்பாளர்களின் மாநாடொன்றில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் ஹொரோவிட்ஸ் முன்வைத்த கணக்கு இது. 45 நனோமீற்றர் தொழில்நுட்பத்தில் செய்த சில்லில் இரண்டு 32 பிட் முழு எண்களைக் கூட்டுவதற்கு ஏறத்தாழ 0.1 பிக்கோயூல் சக்தி போதும். பிக்கோயூல் என்பது ஒரு யூலின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. ஆனால் "இந்த இரண்டையும் கூட்டு" என்ற கட்டளையை ஒரு புரொசெசர் தொடக்கம் முதல் முடிவு வரை நிறைவேற்ற ஏறத்தாழ 70 பிக்கோயூல் செலவாகிறது. சாமான் ஒரு பங்கு, ஹயர் எழுநூறு பங்கு.

அந்த 70 எங்கே போகிறது? கட்டளையைக் கேஷ் என்னும், சில்லுக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகத்திலிருந்து எடுத்துவர 25. (கேஷை இங்கே பதுக்கு நினைவகம் என்று படிப்பிக்கிறோம். பொருளாதாரத் தடைக் காலத்துச் சங்கக் கடை வரிசைகளை நினைவு வைத்திருப்பவர்களுக்குப் "பதுக்கு" என்ற சொல் வேறு எதையெல்லாமோ ஞாபகப்படுத்தும்.) கணக்கிடும் எண்களைக் கைவசம் வைத்திருக்கும் ரெஜிஸ்டர்களை வாசிக்கவும் எழுதவும் 6. மிச்சத்தில் பெரும்பகுதி, யார் எப்போது எதைச் செய்ய வேண்டும் என்று மேய்க்கும் கட்டுப்பாட்டுச் சுற்றுகளுக்கு.

அதே கணக்கில் நினைவகங்களின் விலையும் இருக்கிறது. 64 பிட் தரவொன்றை 8 கிலோபைட் கேஷிலிருந்து எடுக்க 10 பிக்கோயூல். 1 மெகாபைட் கேஷ் என்றால் 100. சில்லுக்கு வெளியே இருக்கும் பிரதான நினைவகம் வரை போனால் 1300 முதல் 2600 வரை. இந்த வரிசையைப் பார்க்கும் எவருக்கும் ரெஜிஸ்டர் மலிவு என்றுதான் தோன்றும். புரொசெசரின் கைக்கு எட்டும் தட்டு அதுதான். கணக்கிடும் அலகுக்குப் பக்கத்திலேயே, முப்பது நாற்பது எண்களை மட்டும் வைத்திருக்கும் சின்ன இடம். ஆனால் என் கண் போய் நிற்பது வேறு இடத்தில். கைக்கு எட்டும் அந்தத் தட்டிலிருந்து எடுத்து வைக்கும் செலவே, கூட்டும் வேலையைப்போல அறுபது மடங்கு. இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஒன்றுக்கு ஏன் இவ்வளவு செலவு?

இதற்கு விடை தேட எங்கள் தோட்டங்களே போதும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். மற்றபடி சுண்ணாம்புக்கல்லைத் தோண்டிய கிணறுகள்தான். கோண்டாவிலில் எங்கள் பெரியப்பாவின் வெங்காயத் தோட்டத்துக்கு இறைப்பு நடக்கும்போது சின்ன வயதில் நான் கவனித்த ஒன்று உண்டு. மெஷினை இழுத்து விட்டவுடன் தண்ணீர் பாத்திக்கு வந்து சேராது. காய்ந்த செம்மண் வாய்க்கால் முதலில் தன் பங்கைக் குடிக்கும். கிணற்றடியிலிருந்து கடைசிப் பாத்தி வரை முழு வாய்க்காலும் நிறைந்த பிறகுதான் பாத்தியின் வாயில் தண்ணீர் எட்டிப் பார்க்கும். பாத்திக்குத் தேவை நாலு வாளிதான். வாய்க்காலுக்குப் போனது அதைவிட அதிகம்.

சில்லுக்குள் ஓடும் ஒவ்வொரு கம்பியும் இப்படி ஒரு வாய்க்கால். கம்பிக்கு ஒரு கொள்ளளவம், அதாவது மின்னேற்றத்தைக் கொள்ளும் அளவு, இருக்கிறது. அதில் மின்னேற்றம் நிரம்பினால்தான் மறுமுனையில் இருப்பவருக்கு "ஒன்று" என்று தெரியும். அடுத்த செய்திக்கு அது வடிய வேண்டும். வடிவது நிலத்துக்கு, மின்னியல்காரர்களும் அதை நிலம் என்றுதான் சொல்கிறார்கள். நிரப்பி வடிக்கும் ஒவ்வொரு தடவையும் செலவாகும் சக்தி, கொள்ளளவத்தை மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. கம்பி நீண்டால் கொள்ளளவம் கூடும். அழுத்தத்தை 1 வோல்ட்டிலிருந்து 0.7 வோல்ட்டுக்குக் குறைத்தால் செலவு ஏறத்தாழப் பாதியாகும். வர்க்கம் செய்யும் வேலை அது. பல தசாப்தங்களாகத் தொழில்துறை இந்த வர்க்கத்தை வைத்துத்தான் பிழைத்தது. இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டின் நடுப்பகுதியில் அழுத்தம் முன்னைப்போல இறங்க மறுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் வடிவமைப்பாளர்கள் ஒவ்வொரு வாய்க்காலாக எண்ணத் தொடங்கினார்கள்.

ரெஜிஸ்டர்களின் தொகுதியை ஒரு கட்டங்கள் போட்ட தாளாக நினையுங்கள். 32 வரிசை, ஒவ்வொன்றிலும் 64 கட்டம். ஒரு வரிசை ஒரு ரெஜிஸ்டர், ஒரு கட்டம் ஒரு பிட். ஏழாவது ரெஜிஸ்டரை வாசிக்க வேண்டுமானால் ஏழாவது வரிசையின் கிடைக்கம்பியில் அழுத்தம் கொடுக்க வேண்டும். உடனே அந்த வரிசையின் 64 கட்டங்களும் தங்கள் தங்கள் நிலைக்குத்துக் கம்பிகளோடு இணைந்துகொள்ளும். அந்த நிலைக்குத்துக் கம்பிகள் முன்கூட்டியே நிரப்பி வைக்கப்பட்டிருக்கும். கட்டத்தில் இருப்பதைப் பொறுத்து அவை வடியும், அல்லது வடியாமல் நிற்கும்.

சிக்கல் இங்கே இருக்கிறது. நிலைக்குத்துக் கம்பி ஏழாவது வரிசைக்கு மட்டும் உரியதல்ல. முப்பத்திரண்டு வரிசைகளையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. ஒவ்வொரு கட்டமும் அதில் ஒரு சிறு கொள்ளளவத்தைத் தொங்கவிட்டிருக்கிறது. நமக்கு வேண்டியது ஒரு வரிசை. நிரப்பி வடிப்பது முழு நீளக் கம்பி, அதுவும் 64. ரெஜிஸ்டர் எண்ணிக்கையை இரட்டித்தால் ஒரே ஒரு ரெஜிஸ்டரை வாசிக்கும் செலவும் ஏறுவது இதனால்தான்.

ஆனாலும் வாய்க்காலின் நீளம் சின்னப் பிரச்சினை. பெரிய பிரச்சினை பங்காளர்கள்.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் படித்தவர்களுக்கு ஒரு வாசகம் பழக்கமாக இருக்கும்: கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும். ஒரு காணி பிள்ளைகளுக்குப் பிரியும்போது நிலத்தைத் துண்டு போடலாம், கிணற்றைத் துண்டு போட முடியாது. அதனால் ஒவ்வொருவருக்கும் கிணற்றில் ஒரு பங்கு, அதற்குப் போய்வர ஒரு வழி, தண்ணீர் கொண்டுபோக ஒரு வாய்க்கால். இரண்டு தலைமுறை கடந்து பங்காளர் பன்னிரண்டு பேர் ஆனால், கிணற்றைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதி வழியாகவும் வாய்க்காலாகவும் போய்விடும். பயிருக்கு மண் இராது. (வழக்குகள் வேறு.)

ரெஜிஸ்டர் தொகுதியில் இந்த வழியும் வாய்க்காலும் சேர்ந்ததை "போர்ட்" என்கிறார்கள். வாசல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கூட்டலுக்கு இரண்டு எண்களை வாசிக்க வேண்டும், ஒன்றை எழுத வேண்டும். ஆக மூன்று வாசல். ஒரே கடிகாரச் சுற்றில் நாலு கட்டளைகளை ஓட்டும் புரொசெசருக்குப் பன்னிரண்டு வாசல். ஒவ்வொரு வாசலுக்கும் ஒவ்வொரு கட்டத்தினூடாகவும் கிடையாக ஒரு கம்பியும் நிலைக்குத்தாக ஒரு கம்பியும் ஓட வேண்டும். வாசல் இரட்டித்தால் கட்டம் அகலத்திலும் இரட்டிக்கும், உயரத்திலும் இரட்டிக்கும். பரப்பளவு நாலு மடங்கு. பிட்டைச் சேமித்து வைக்கும் ட்ரான்சிஸ்டர்கள் அந்தக் கம்பிக் காட்டுக்குள் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும்.

இன்னும் இருக்கிறது. ஒரே நேரத்தில் அதிகக் கட்டளைகள் ஓடினால் பாதியில் நிற்கும் விடைகளும் அதிகம்; அவற்றை வைத்திருக்க ரெஜிஸ்டர்களும் அதற்கேற்பக் கூட வேண்டும். கணக்கிடும் அலகுகள் இரட்டித்தால் ரெஜிஸ்டர் இரண்டு மடங்கு, ஒவ்வொரு கட்டத்தின் பரப்பும் நாலு மடங்கு, ஆக எட்டு மடங்கு. இரண்டு பேர் செய்த வேலையை நாலு பேர் செய்ய, எட்டு மடங்கு பெரிய சாமான் அறை. கம்பிகளும் அதற்கேற்ப நீள்வதால் ஒவ்வொரு வாசிப்பும் விலை ஏறுகிறது.

இந்தக் கணக்கைத் தொண்ணூறுகளின் பிற்பகுதியிலேயே ஒரு கூட்டம் நேராக எதிர்கொண்டது. டிஜிற்றல் எக்யுப்மென்ட் நிறுவனத்தின் ஆல்ஃபா 21264 புரொசெசரில் முழு எண்களுக்கு 80 ரெஜிஸ்டர்கள். ஒரே தொகுதியாக வைத்தால் எட்டு வாசிப்பு வாசல் தேவைப்பட்டிருக்கும். அவர்கள் அந்த 80ஐயும் இரண்டு பிரதிகளாக வைத்தார்கள். ஒவ்வொரு பிரதிக்கும் நாலு வாசிப்பு வாசல் மட்டும். ஒரே எண் இரண்டு இடத்தில் இருப்பது வீண் என்று தோன்றலாம். வாசலின் வர்க்கத்தை நினைத்தால் வீண் இல்லை. ஒரு பக்கத்தில் பிறந்த விடை மறுபக்கத்துக்குப் போக ஒரு சுற்று தாமதம். அதுதான் கொடுத்த விலை. பெரிய கிணறு ஒன்றுக்குப் பதில் சின்னக் கிணறு இரண்டு வெட்டுவது போல.

இன்னொரு வழி, கிணற்றைப் பிரிக்காமல் முறை வைப்பது. இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று பங்குக் கிணற்றில் முறை இருக்கும் அல்லவா? ரெஜிஸ்டர்களைப் பல சிறு தொட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வாசல் வைப்பார்கள். கேட்கும் இரண்டு எண்களும் வெவ்வேறு தொட்டியில் இருந்தால் ஒரே நேரத்தில் எடுக்கலாம். ஒரே தொட்டியில் இருந்துவிட்டால் ஒருவர் காத்திருக்க வேண்டும். கிராஃபிக்ஸ் சில்லுகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகின்றன. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நிரலாளருக்குத் தெரியும் ரெஜிஸ்டர்களும் உள்ளே உண்மையில் இருக்கும் ரெஜிஸ்டர்களும் ஒன்றல்ல என்பதையும் இடையில் சொல்ல வேண்டும். 1978இல் வந்த இன்ரெல் 8086இல் பொதுத் தேவைக்கு எட்டு. 2003இல் ஏ.எம்.டி. அந்தக் குடும்பத்தை 64 பிட்டுக்கு உயர்த்தியபோது பதினாறு. கைபேசிகளில் இருக்கும் 64 பிட் ஆர்ம் கட்டளைத் தொகுதியில் 31. இவை பெயர்கள் மட்டுமே. 2011இல் வந்த இன்ரெல் சாண்டி பிரிட்ஜுக்கு உள்ளே முழு எண்களுக்கு 160, தசம எண்களுக்கும், பல எண்களை ஒன்றாகக் கட்டிய நீண்ட திசையன்களுக்கும் 144 என்று உண்மையான ரெஜிஸ்டர்கள் இருந்தன. ஒரே பெயரை ஒரே நேரத்தில் பல விடைகள் தாங்கி நிற்க, எந்தப் பெயர் இப்போது எந்த இடத்தைக் குறிக்கிறது என்று ஓர் அட்டவணை கண்காணிக்கும். ஐ.பி.எம்.மின் ராபர்ட் டொமாசுலோ 1967இல் வெளியிட்ட யோசனையின் வழித்தோன்றல் இது.

சாண்டி பிரிட்ஜில் சக்திக்காக எடுத்த முடிவு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. 1995இன் பென்டியம் ப்ரோ தொடக்கிவைத்த வழிமுறையில், ஒரு விடை முதலில் ஒரு தற்காலிக இடத்தில் வைக்கப்படும். கட்டளை உறுதியானதும் நிரந்தர இடத்துக்குப் பிரதி எடுக்கப்படும். அந்தப் பிரதி ஒரு வாசிப்பு, ஒரு எழுத்து. திசையன்கள் 256 பிட் நீளத்துக்கு வளர்ந்தபோது இந்தக் குடிபெயர்ப்பு கட்டுப்படியாகவில்லை. எனவே விடை பிறந்த இடத்திலேயே கிடக்கட்டும், அட்டவணையில் பெயரை மட்டும் மாற்றுவோம் என்றார்கள். காணி நகரவில்லை, உறுதி கைமாறியது. ஏழெட்டுப் பிட்டில் எழுதக்கூடிய ஓர் இலக்கம் நகர்வதற்கும் 256 பிட் நகர்வதற்கும் உள்ள வித்தியாசம் அப்படியே மிச்சம்.

வாசிப்பை மலிவாக்குவதைவிட வாசிக்காமலே விடுவது நல்லது. ஒரு கட்டளையின் விடை மிகப் பல தடவைகளில் அடுத்த கட்டளைக்கே தேவைப்படும். அது ரெஜிஸ்டருக்குப் போகும் வழியிலேயே மறித்து வாங்கிக்கொள்ளும் குறுக்குவழிகள் நீண்ட காலமாக இருக்கின்றன. வேகத்துக்காக வந்தவை அவை. சக்தி தானாகவே மிச்சமாகும் என்று நினைத்தால் ஏமாறுவோம். குறுக்குவழியில் வாங்கிய பிறகும் பழக்கதோஷத்தில் ரெஜிஸ்டரை வாசித்து, வந்ததை எறிந்துவிடும் வடிவமைப்புகள் உண்டு. மிச்சம் பிடிக்க வேண்டுமானால் "இது வழியிலேயே கிடைத்துவிடும்" என்பதை முன்கூட்டியே அறிந்து கிடைக்கம்பியை எழுப்பாமல் விட வேண்டும்.

இன்னொரு வீண்செலவு, 64 பிட்டையும் எப்போதும் இழுப்பது. 1999இல் ப்ரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் புரூக்ஸும் மார்கரெட் மார்ட்டனோசியும் நிரல்களை ஓட்டி அளந்தபோது, முழு எண் செயல்களில் பாதிக்கு மேல் 16 பிட்டுக்குள் அடங்கிவிடும் எண்களோடுதான் நடந்தன. இது ஆச்சரியமில்லை. ஒரு சுழற்சியை எண்ணும் மாறி, ஓர் எழுத்தின் இலக்கம், ஆம் அல்லது இல்லை என்ற பதில் எல்லாம் சின்ன எண்கள்தான். மேல் 48 பிட்டும் பூச்சியம் என்று ஓரத்தில் ஒரு குறி வைத்துவிட்டால் அந்த 48 கம்பிகளும் அசைய வேண்டியதில்லை. ரிஸ்க்-ஃபைவ் போன்ற கட்டளைத் தொகுதிகளில் ஒரு ரெஜிஸ்டரே எப்போதும் பூச்சியம் என்று விதித்திருக்கிறார்கள். அதற்குச் சேமிப்பும் வேண்டாம், வாசிப்பும் வேண்டாம்.

கரண்ட் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட தலைமுறைக்கு இதெல்லாம் விளக்கத் தேவையில்லை. செய்தி முடிந்தது, மிதிப்பதும் முடிந்தது. வேலை இல்லாத பகுதிக்குக் கடிகாரத் துடிப்பையே நிறுத்திவிடும் நுட்பமும் அதுதான். இன்றைய சில்லுகள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

ஜி.பி.யு. என்னும் கிராஃபிக்ஸ் சில்லுகளுக்கு வருவோம். நினைவகங்களை அடுக்கிக் காட்டும், நாம் படித்த படத்தில் ரெஜிஸ்டர் உச்சியில் சின்னதாக, கீழே போகப் போக நினைவகங்கள் பெரிதாக இருக்கும். 2017இல் வந்த என்விடியாவின் வி100 சில்லில் அந்தக் கோபுரம் தலைகீழாக நிற்கிறது. 80 கணிப்புத் தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 256 கிலோபைட் ரெஜிஸ்டர். மொத்தம் 20 மெகாபைட். எல்லோருக்கும் பொதுவான இரண்டாம் நிலைக் கேஷ் 6 மெகாபைட்தான்.

ஏன் இவ்வளவு? ஒரு தொகுதியில் 2048 நூல்கள் (தனித்தனியாக ஓடும் கட்டளைத் தொடர்கள்) வரை ஒரே நேரத்தில் குடியிருக்கலாம். ஒருவர் நினைவகத்துக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்கும்போது அடுத்தவர் உடனே வேலையைத் தொடங்க வேண்டும். சாமானைக் கட்டி அவிழ்க்க நேரமில்லை. எனவே ஒவ்வொருவரின் சாமானும் எப்போதும் தட்டிலேயே இருக்கும். 256 கிலோபைட் என்பது 65,536 ரெஜிஸ்டர். 2048 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 32. தாராளம் என்று சொல்ல முடியாது. ஆனால் இவ்வளவு பெரிய தொட்டியிலிருந்து பெருக்கிக் கூட்டும் ஒவ்வொரு கட்டளைக்கும் மூன்று எண்களை இழுப்பது சக்திக் கணக்கில் பெரிய ஓட்டை. 2014இன் மேக்ஸ்வெல் தலைமுறை முதல் என்விடியா கணக்கிடும் அலகின் வாசலிலேயே மிகச் சிறிய ஓர் ஏந்துதட்டை வைத்தது. "இந்த எண்ணை அடுத்த கட்டளையும் கேட்கும், கீழே வைக்காதே" என்று, நிரலைச் சில்லின் கட்டளைகளாக மாற்றும் தொகுப்பிமென்பொருள் கட்டளையிலேயே ஒரு குறி போட்டு அனுப்பும். எதைப் பிடித்து வைப்பது என்று சில்லு மூளையைக் குழப்ப வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளுக்கென்று கூகுள் 2015 முதல் தன் தரவு மையங்களில் ஓட்டிய டி.பி.யு. சில்லு இதை இன்னும் தூரம் கொண்டுபோனது. 256க்கு 256 என்று சதுரமாக 65,536 பெருக்கும் அலகுகள். ஒவ்வொன்றுக்கும் வாசல் வைத்து நடுவில் ஒரு ரெஜிஸ்டர் தொகுதி கட்டியிருந்தால், மேலே பார்த்த எட்டு மடங்குக் கணக்கில் அது நாசமாகியிருக்கும். அங்கே எண் ஒரு ஓரத்தில் நுழைந்து, ஓர் அலகில் பெருக்கப்பட்டு, பக்கத்து அலகுக்குத் தாவி, மறு ஓரம் வரை போகும். ஒருமுறை இறைத்த தண்ணீர் பாத்தி பாத்தியாக நிறைந்து ஓடுவது போல. ஒரு வாசிப்புக்கு 256 வேலை. வாய்க்கால் இரண்டு பாத்திக்கு இடைப்பட்ட நீளம்தான். கணினி விஞ்ஞானி எச்.டி.குங் எழுபதுகளின் கடைசியில் முன்வைத்த பழைய யோசனை இது. செயற்கை நுண்ணறிவின் மின்கட்டணம் வரும்வரை பெரும்பாலும் அலுமாரியில் கிடந்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் கைபேசி பின்னேரத்துக்குள் செத்துப்போவதற்கு ரெஜிஸ்டர் காரணமல்ல. திரையின் வெளிச்சத்தையும் வலுவில்லாத சிக்னலையும் முதலில் பாருங்கள். ரெஜிஸ்டரின் சிக்கனம் தெரிவது ஆயிரக்கணக்கான ஜி.பி.யு.க்கள் இரவும் பகலும் ஓடும் இடத்திலும், அதற்கு நேரெதிர் முனையில், காசளவு பற்றரியில் ஆண்டுக்கணக்கில் உயிர்வாழ வேண்டிய சின்னஞ்சிறு சில்லிலும்தான்.

அந்தச் சின்ன முனைதான் எங்களுக்குக் கிட்ட. பல்கலைக்கழகப் பெடியள் தோட்டத்து மண்ணின் ஈரத்தை அளந்து சொல்லும் கருவி செய்கிறோம் என்று வரும்போது நான் கேட்கும் முதற் கேள்வி, எத்தனை ரெஜிஸ்டர் வேண்டும் என்பது. சிரிப்பார்கள். ரிஸ்க்-ஃபைவ்வில் வழமையாக 32. ஆனால் 16 மட்டும் உள்ள குட்டி வடிவம் ஒன்றையும் விதித்திருக்கிறார்கள். காரணத்தை அதன் கையேடே சொல்கிறது: சிறிய புரொசெசர்களில் நினைவகத்தைத் தவிர்த்த பரப்பில் ஏறத்தாழக் கால்வாசியை மேல் 16 ரெஜிஸ்டர்களே பிடித்துக்கொள்கின்றன, அவற்றை எடுத்துவிட்டால் அந்தக் கால்வாசி மிச்சம், சக்தியும் அதற்கேற்பக் குறையும்.

குறைத்தால் வேறு இடத்தில் இடிக்கும். ரெஜிஸ்டரில் இடமில்லாத எண்களைத் தொகுப்பிமென்பொருள் நினைவகத்துக்குத் துரத்தும். திரும்ப எடுக்கும்போது ரெஜிஸ்டரைவிடப் பல மடங்கு செலவு. எந்த எண்ணுக்கு எந்த ரெஜிஸ்டர் என்று பங்கிடுவதை, அயல் நாடுகளுக்கு ஒரே நிறம் வராமல் வரைபடத்துக்கு நிறம் தீட்டும் கணக்காக மாற்றிக் காட்டியவர்கள் 1981இல் ஐ.பி.எம்.மின் கிரெகரி சைட்டினும் கூட்டாளிகளும். ஈரத்தை அளந்து, ஓர் எல்லையோடு ஒப்பிட்டு, பம்பை ஓடு அல்லது நில் என்று சொல்லும் நிரலுக்குப் பதினாறு நிறம் தாராளம்.

அப்படியொரு சில்லு நாளின் பெரும்பகுதியை உறங்கியே கழிக்கும். உறங்கும்போதும் ரெஜிஸ்டரில் இருப்பது அழியாமல் இருக்க ஒரு சொட்டு அழுத்தம் வேண்டும். அந்தச் சொட்டு ட்ரான்சிஸ்டர்களூடாகக் கசிந்துகொண்டே இருக்கும். கசிவை ஏற்றுக்கொண்டு பிடித்து வைத்திருக்கலாம். அல்லது இருப்பதை மின்சாரம் இல்லாமலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிவிட்டு மின்னை முழுதாக வெட்டலாம்; எழுதுவதற்கு ஒரேயடியாகக் கொஞ்சம் செலவாகும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை மட்டும் விழிக்கும் வெங்காயத் தோட்டத்துக் கருவிக்கு இரண்டாவது வழியே மலிவாக முடியலாம். நொடிக்கு நூறு தடவை விழிப்பதென்றால் கசிந்தாலும் பரவாயில்லை, தட்டிலேயே வைத்திருக்க வேண்டியதுதான்.